தேனீ இருக்கிற வீடு

பூப்பாறை
12 ஆகஸ்ட் 2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்கள் முழுக்கைச் சட்டையையும் கட்டம் போட்ட லுங்கியையும் உடுத்திக்கொண்டுதான் தேனீப் பெட்டி திறந்தேன். தலையில் உங்கள் வலைத் தொப்பி. கீழே பாதையில் ஜீப்பை நிறுத்திய சூசையப்பன், "அண்ணே! எப்ப வந்தீக? ஒரு வார்த்த சொல்லலையே!" என்று கத்திக்கொண்டே ஏறி வந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டார். நான் திரும்பினேன். அந்த மனுஷன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அய்யோ, மன்னிச்சிருங்க மதினி" என்று சொல்லிவிட்டு இறங்கியவர், ஜீப்பையும் மறந்து நடந்தே போய்விட்டார். சாயங்காலம் வரை அது அங்கேயேதான் நின்றது.

முழுக்கைச் சட்டை வேறு இல்லை, அதனால் போட்டேன். கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். நீங்களும் அப்படியே நம்பிக்கொள்ளுங்கள்.

இனிமேல் போன் கிடையாது என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். "அம்மா, நீ பேசி வெச்சதுக்கு அப்புறம் அப்பாவுக்கு பிரஷர் பாத்தா மேல போயி நிக்குது. சத்தம் ஆகாது, சண்டை ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் பேசுனா அது ரெண்டுந்தான் நடக்குது" என்றாள். பொய் சொல்லவில்லை பாவம். அதனால்தான் காகிதம். இதில் நான் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் விழாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்காரர் தப்பைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

டாக்டர் சொன்னதைத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் கொட்டு வாங்கிச் சிரித்த உடம்புக்கு இப்போது தேனீ ஆகாமல் போய்விட்டது. மயங்கி விழுந்தால் உயிரைப் பிடித்து நிறுத்த ஓர் ஊசி இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரை அந்த ஊசியை வேலை செய்ய விடாதாம். ஏப்ரலில் ஊசி மேல் ஊசி போட்டும் நீங்கள் கண் திறக்காமல் கிடந்ததற்கு அதுதான் காரணமாம். வேறு மாத்திரைக்கு மெதுவாக மாற்றிப் பார்க்கலாம், அதுவரைக்கும் ஈ இருக்கிற பக்கமே போகக் கூடாது என்றார். நம் வீட்டில் ஈ இல்லாத பக்கம் எது? அடுப்படி ஜன்னலுக்கு வெளியேகூட ஒரு பெட்டி.

பெட்டி இருந்தால்தான் ஜின்சன் முதலாளி இந்த வீட்டைக் கொடுப்பார். ஏலப்பூவில் ஈ உட்கார்ந்தால்தான் அவருக்குக் காய். ஈ இருந்தால் நீங்கள் வர முடியாது. ஈ இல்லாவிட்டால் வருவதற்கு வீடு கிடையாது. யார் போட்ட முடிச்சோ, நல்ல கை.

என்னை அங்கே வரச் சொல்கிறீர்கள். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் மகளைக் கொடுத்த வீட்டில் போய்ப் பாயை விரிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

மழை. ஈக்கெல்லாம் சர்க்கரைப் பாகு. எனக்குக் கஞ்சி.

ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை
20.8.2024

ராமுத்தாய்க்குச் சுருளிவேல் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. சட்டையைத் துவைக்காமல் போடாதே. வேர்வை வாடை ஈக்கு ஆகாது. பாகு கெட்டியாக இருக்க வேண்டும், மழைக் காலத்தில் நீர்க்க வைத்தால் புளித்துவிடும். இதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சொல்வதற்கு இங்கே வேறு ஆள் இல்லை.

மாப்பிள்ளையின் மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. மணிகண்டன் மரியாதைக்குக் குறை வைப்பதில்லை. ஆர்த்தி ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டாள். பக்கத்துத் தென்னந்தோப்பில் பாளை வெடித்திருக்கிறது, ஈ வந்துபோகும் சத்தம் எனக்குப் படுத்த இடத்தில் கேட்கிறது. வாசலுக்குப் போனால், "அப்பா, உள்ள வாங்க" என்கிறாள். கடைக்கு வருகிறவர்கள், "ஏனுங் பெரியவரே, ஊட்டுல சும்மாதானுங்களே இருக்கறீங்க, இந்த மூட்டைய ஒரு கை புடிங்க" என்கிறார்கள். மூட்டை பிடிப்பதில் எனக்கு வருத்தமில்லை. பெரியவரே என்பதில்தான்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன். உன் கடிதத்தில் முதல் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஏப்ரலில் நான் விழுந்தபோதும் நீ சிரித்தாய். கண் மூடுமுன் நான் கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான். போனில் நாம் போட்ட சண்டை எதற்கு என்று நீ கேட்டாய். இதற்குத்தான். அன்று சொல்ல வாய் வரவில்லை.

மாத்திரை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். மாத்திரை மாற்றுவது பற்றி டாக்டர், "பார்க்கலாம், அவசரப்படக் கூடாது" என்கிறார். அவருக்கு வீடு இங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
சுருளிவேல்


பூப்பாறை
29 ஆகஸ்ட் 2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

சிரித்தேன். ஆமாம். கல்யாணமான புதிதிலிருந்து, ஒரு ஈ கொட்டினால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளிக்கொண்டு, செத்த மாதிரி சாய்வது யார்? நான் பதறி ஓடி வந்தால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பது யார்? அன்றைக்கும் அந்தக் கூத்துதான் என்று நினைத்தேன். "எந்திரிங்க, டீ ஆறுது" என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று சூசையப்பனுக்குத்தான் தெரியும். அவர் வந்துதான் உங்கள் உதடு நீலமானதைக் காட்டினார்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். கேலி செய்யாமல் எழுத எனக்குத் தெரியாது.

நான் செய்த வேலையைக் கேளுங்கள். போன வாரம் விடாமல் மழை. ஈ எதுவும் வெளியே வரவில்லை. இத்தனை நாள் அடைந்து கிடந்தால் இருந்த இடத்தை மறந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. நானும் சூசையப்பனும் எல்லாப் பெட்டிகளையும் வாய் அடைத்து, ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதலாளி தோட்டத்துக்குள்தான். வீட்டைச் சுற்றி ஈ இல்லை என்றால் நீங்கள் வந்து இரண்டு நாளாவது இருக்கலாம் அல்லவா? சூசையப்பன், "மதினி, இது நடக்கிற காரியமா? ஊர விட்டே கொண்டுபோனாத்தான அதுக்கு மறக்கும்" என்றார். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தூக்கினேன்.

வாசலைக் கழுவினேன். உங்கள் கட்டிலை எடுத்து வெளியே போட்டேன். அன்று பகல் முழுக்க இந்த முற்றத்தில் சத்தமே இல்லை. எனக்கு என் வீடு மாதிரியே இல்லை.

மறுநாள் வெயில் அடித்தது. பத்து மணிக்கெல்லாம் முற்றத்தில் ஒரு இரைச்சல். ஓடி வந்து பார்த்தால் இரை தேடப் போன ஈயெல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பெட்டி நின்ற வெறும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. இல்லாத பெட்டியின் வாசல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய் முட்டி முட்டித் திரும்புகிறது. மத்தியானம் மறுபடி மழை. அப்படியே கம்பத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நனைந்தது. கீழே விழுந்ததை முறத்தில் அள்ளினேன். பாதிக்கு மேல் அசையவில்லை. பெட்டியை எல்லாம் திரும்பத் தூக்கி வந்து வைத்தோம். உங்கள் கட்டில் மழையில் நனைந்து ஊறிப்போய்விட்டது.

அதனால் இது பழையபடி தேனீ இருக்கிற வீடுதான்.

ஓணத்துக்கு முதலாளி எல்லோருக்கும் துணி கொடுத்துவிட்டார். உங்கள் வேட்டியையும் கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கொண்டேன். நல்ல கரை. கட்டத்தான் ஆளைக் காணோம். நானே கட்டிக்கொண்டு பாதையில் நிற்கலாம் என்றால், சூசையப்பனுக்கு இருதயம் அவ்வளவு பலமில்லை.

ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை
3.9.2024

ராமுத்தாய்க்குச் சுருளிவேல் எழுதிக்கொண்டது.

முறத்தில் அள்ளியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னொரு முறை அப்படிச் செய்யாதே. ஈயை அலைக்கழிக்காதே. மாற்ற வேண்டியது பெட்டியை அல்ல.

நான் ஒரு யோசனை செய்தேன். நிதானமாகக் கேள். ஊசியைத் தடுப்பது எது? மாத்திரை. மாத்திரை இல்லாவிட்டால் ஊசியைத் தடுப்பது எது? ஒன்றுமில்லை. அப்படியானால் எனக்கும் வீட்டுக்கும் குறுக்கே நிற்பது ஈ அல்ல, இந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான்.

அதனால் நிறுத்திவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை. காலையில் ஆர்த்தி கையில் கொடுப்பாள், முன்னாலேயே நிற்பாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன். பிறகு பின்பக்கம் போய்க் கறிவேப்பிலைச் செடி அடியில் துப்பிவிடுவேன். ஒன்றும் ஆகவில்லை. தலை கொஞ்சம் கனக்கிறது. இந்த ஊர் வெயிலில் யாருக்குத்தான் கனக்காது?

ஓணத்துக்கு முந்தின நாள் விடியலில் புறப்படுகிறேன். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு. ஆர்த்தியிடம், உன்னை மூணாறில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே விடுதியில் தங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் எதுவும் சொல்லாதே. நீ சிரிக்காமல் இரு என்று இனி நான் கேட்கப்போவதில்லை.

வேட்டியை மடித்து வை.

சுருளிவேல்


பூப்பாறை
9 செப்டம்பர் 2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

வராதீர்கள்.

இதைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், கண்ணாடி இல்லாமலே தெரியும். மாத்திரையை நிறுத்தினால் ஈ சாதுவாகிவிடுமா? கொட்டு கொட்டுதானே? ஊசி வேலை செய்யும் என்கிறீர்கள். பூப்பாறையில் ஊசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உங்களுக்காக யார் நிற்கிறார்கள்? அந்தச் செடியாவது பிரஷர் இல்லாமல் நூறு வயது வாழட்டும். நீங்கள் இன்றைக்கே மாத்திரையை விழுங்குங்கள்.

கடிதம் வந்ததும் ஆர்த்திக்குப் போன் போட வேண்டும் என்று மேலே பாறைக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும், உங்களுக்குத் தெரியும். கிடைத்தது. அவள் பெயரை எடுத்தும் வைத்தேன். கீழே பார்த்தால் நம் வீட்டுக் கூரை தெரிந்தது. அழுத்தவில்லை. இறங்கி வந்துவிட்டேன். எதற்கு இறங்கினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வரவே வேண்டாம். மூணாறில் ஓணக் கூட்டம் நெரியும், நிற்கக்கூட இடம் இருக்காது. நாலு மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் இருட்டிவிடும், பூப்பாறை முக்கில் ஜீப்பும் கிடைக்காது. அதனால் நாலு மணி பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். இடது பக்க சீட்டில் உட்கார்ந்தால் சாரல் அடிக்காது. சூசையப்பனை முக்கில் நிற்கச் சொல்லிவைக்கிறேன். நீங்கள் வராவிட்டாலும் அவர் அங்கேதான் டீ குடித்துக்கொண்டு நிற்பார்.

வராதீர்கள்.

ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை
19.9.2024

ராமுவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது. மறையூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அங்கே இருந்த இரண்டு நாளும் சூசையப்பனை வாசலிலேயே ஜீப்பைப் போடச் சொல்லி, சாவியைக்கூட எடுக்க விடாமல் வைத்திருந்தாயே. அவர் பண்டிகைச் சோற்றையும் ஸ்டீயரிங் மேல் இலையை வைத்துத்தான் சாப்பிட்டார். "அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் இடுப்பு போச்சு" என்றார்.

காதில் ஒன்று கொட்டியதே. உன் முகத்தைப் பார்த்தேன். அரிவாள்மணையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நாடி பார்க்கத் தெரியாதவள் நாடி பார்த்தாய். காது தடித்தது, அவ்வளவுதான். மூச்சு முட்டவில்லை, கண் இருட்டவில்லை. அப்போது நீ அழுததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்தில் உன்னை அப்படிப் பார்த்ததில்லை.

திரும்பியதும் மாத்திரையைத் தொடங்குவதாக உன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மறக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். பூஜை விடுமுறைக்கு நான் மறுபடி வர வேண்டும். நடுவில் தொடங்கி நடுவில் நிறுத்தினால் உடம்பு குழம்பும். வந்துபோன பிறகு ஒரேயடியாகத் தொடங்கிவிடுகிறேன். சத்தியம் சத்தியம்தான், கொஞ்சம் தள்ளிப்போகிறது.

தலைக்கனம் இன்னும் இருக்கிறது. பஸ் அலுப்பு.

சுருளி


பூப்பாறை
26 செப்டம்பர் 2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

தள்ளிப்போகிற சத்தியத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நன்றாக இருக்கிறது. என் தலைமேல் வைத்த கை, கொஞ்சமாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பூஜைக்கு நீங்கள் வர வேண்டாம். நான் வருகிறேன். உண்மையாகவே வருகிறேன். மாப்பிள்ளை வீடு என்ற வீராப்பை எல்லாம் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். சூசையப்பன் மகள் டின்சி ஒரு வாரத்துக்கு ஈயைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். உங்கள் வலைபோட்ட ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து இரண்டு பேரும் தீவன மூட்டையை எண்ணலாம். கடைக்கு வருகிறவர்கள் என்னையும் பெரியம்மா என்று கூப்பிடட்டும், உங்கள் மனசு ஆறும்.

இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு நேராகப் பாறைக்கு ஏறப்போகிறேன். ஆர்த்தியிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நீங்கள் என்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி. இந்தத் தடவை அழுத்திவிடுவேன்.

ராமுத்தாய்


பூப்பாறை
14 நவம்பர் 2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

ஆர்த்தி இதை உங்களுக்குப் படித்துக்காட்டுவாள். ஆர்த்தி, எதையும் விடாமல் படி.

நேற்று இங்கே வந்து சேர்ந்தேன். ஈயைப் பார்க்க ஆளில்லை என்று முதலாளி சொல்லியனுப்பியதால் வந்தேன். உங்களை அந்தக் கட்டிலில் விட்டுவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கண்ணில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றைக்குக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பாறைக்கு ஏறினேன். சிக்னல் வந்ததும் போன் அடுத்தடுத்துச் சிணுங்கியது. எல்லாம் ஆர்த்தி முந்தின நாளிலிருந்து கூப்பிட்ட அழைப்புகள். நான் சொல்வதற்காக ஏறினேன். அவள் சொன்னாள். நீங்கள் முந்தின நாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்துவிட்டீர்கள், வாய் கோணிவிட்டது, வலப்பக்கம் வரவில்லை என்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து ஆர்த்தியிடம் சொன்னேன்.

"அப்பா மாத்திரையத் துப்புனது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"ஓணத்துக்கு முன்னாடியிருந்து."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லல."

"ஏம்மா?"

பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை.

அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவே கூடாதாம். நிறுத்தினால் அடக்கிவைத்த ரத்தம் துள்ளி ஏறுமாம். அதனால்தான் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்ற நினைத்தாராம். அக்டோபர் முதல் வாரத்தில் அதற்கு வரச் சொல்லியிருந்தாராம். ஆர்த்தி உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள், அன்றைக்குத் திடீரென்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று.

இங்கே வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வேட்டி கொடியில் கிடக்கிறது.

ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை
டிசம்பர்

ராமு

இடது கை. மெதுவாக எழுதுகிறேன். வாய் வரவில்லை. எல்லாம் புரிகிறது. கண்ணில் தெரியாவிட்டாலும் புரிகிறது.

துப்பியது நான். நீ இல்லை. இதை ஆர்த்திக்கும் காட்டினேன்.

பெட்டியை விடாதே.

இன்னொன்று. நீ இங்கே வந்து அத்தனை நாள் இருந்தாய். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. சாகப்போகிறேன் என்று.

சிரி

சு


பூப்பாறை
9 ஜனவரி 2025

ஆர்த்தி அப்பாவுக்கு,

எழுத்தைப் பார்த்தேன். ஈரக்காலோடு கோழி நடந்துபோன மாதிரி இருக்கிறது. நம் வீட்டில் முதல் தடவையாக என் எழுத்து அழகான எழுத்தாகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு இந்த அடி வேண்டியதுதான்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். நீங்கள் சிரிக்கச் சொன்னீர்கள். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், உடனே வரவில்லை. சட்டென்று நிறுத்தியது, மெதுவாகத்தான் திரும்ப வரும் போலிருக்கிறது.

பெட்டியை விடாதே என்றீர்கள். விட்டுவிட்டேன். வராதீர்கள் என்று அத்தனை பெரிய எழுத்தில் நான் எழுதியதை நீங்கள் கேட்டீர்களா? அதனால் இருவருக்கும் சரி.

முதலாளி வந்து நெடுநேரம் நின்றார். "சேச்சி, அடுத்த பூ வரைக்கும் நிக்கலாமே. வேற ஆளு வந்தா ஈச்ச பழகணும், தோட்டம் பழகணும்" என்றார். அவர் பேச்சில் தப்பில்லை. வேறு ஆளுக்கு ஈ பழகிவிடும். ஊட்டிவிடுகிற கை மாறினால்தான் உங்களுக்கு இறங்காது. வாயைத் திறக்கவைக்க ஆர்த்தி படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் அவளே போன் போட்டாள். பாறையில் நின்று எடுத்தேன். "அம்மா, கஞ்சியக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நீ வந்து நாலு திட்டுத் திட்டு" என்றாள். என்னோடு பேசிவிட்டாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள். பரவாயில்லை. அந்த வேலை எனக்கு வரும்.

போடிப் பக்கத்திலிருந்து சங்கையா என்று ஒருவர் பெட்டிகளை எடுத்துக்கொள்கிறார். இந்த வீடும் அவருக்குத்தான். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் அடுப்படி ஜன்னலைத் திறந்து, வெளியே பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏ அத்தே, சமைக்கும்போது உள்ள வருமோ?" என்று கேட்டாள். வரும் என்றேன். பயப்பட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உங்க வீட்டுக்காரர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை புறப்படுகிறேன். வேட்டியையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் பெட்டிகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பனி இறங்கிவிட்டதால் எந்த ஈயும் வெளியே இல்லை. சங்கையா மரியாதையாகத் தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டு வந்தேன். பலாமரத்தடியில் இருக்கிற கடைசிப் பெட்டிக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மூடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசினேன். உங்களைப் பற்றித்தான். அன்றைக்குப் பாறைமேல் நின்றுகொண்டு ஏன் அழுத்தாமல் இறங்கினேன் என்பதை, ஆர்த்தியின் ஏம்மாவுக்குச் சொல்லாத பதிலை, அதனிடம் சொன்னேன். நீங்கள் வர வேண்டும் என்று இருந்தது. உயிர் போனாலும் பரவாயில்லை என்றில்லை. ஆனால் வர வேண்டும் என்று இருந்தது. இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். ஆர்த்தி, நீயும் கேட்டுக்கொள். அழுதேன். நன்றாகவே அழுதேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை, சங்கையா இரண்டு தடவை கால் மாற்றி நின்றார்.

பிறகு, கடைசியாகக் கொஞ்சம் பாகு வைத்துவிட்டுப் போகலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே ஈ ஒன்றுகூட இல்லை. எப்போதோ கிளம்பிப் போயிருக்கிறது. அடைமேல் ஒரு பல்லி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கையா எட்டிப் பார்த்தார். பிறகு, "யக்கா, முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். பாகை வைத்துவிட்டு மூடிவிட்டேன்.

ராமுத்தாய்